சிகாமட் தொகுதியும் டாக்டர் ச. சுப்பிரமணியமும்: ஒரு நாடாளுமன்ற வாழ்வின் வரலாற்று மதிப்பீடு (2004–2018)

முன்னுரை

மலேசிய இந்தியரின் அரசியல் வரலாறு பெரும்பாலும் கட்சித் தலைமையின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. தலைவர் யார், அவருக்குப் பின் வந்தவர் யார், பூசல் எங்கே எழுந்தது என்பனவே அதில் முதன்மை பெறுகின்றன. ஒரு நாடாளுமன்ற உறுப்பினர் தம் பதவிக் காலத்தில் இயற்றப்பட்ட சட்டங்களுக்கும் எடுக்கப்பட்ட முடிவுகளுக்கும் எவ்வகையில் பொறுப்பாளர் ஆகிறார் என்னும் வினா பின்தள்ளப்பட்டு விடுகிறது. ஜொகூர் மாநிலத்தின் சிகாமட் தொகுதியை 2004 முதல் 2018 வரை பேராளராக இருந்து காத்த டாக்டர் ச. சுப்பிரமணியத்தின் பொதுவாழ்வை முன்வைத்து, அவ்வினாவுக்கு விடை காண இக்கட்டுரையில் நாம் முற்படுகிறோம்.

தொகுதியின் இயல்பு

சிகாமட் ஜொகூரின் வடபகுதியில், இரப்பர், செம்பனைத் தோட்டங்கள் சூழ அமைந்த இரயில் வழி நகரமாகும். இத்தொகுதியின் வாக்காளருள் மலாய்க்காரரும் சீனரும் ஏறத்தாழச் சம அளவினர். இந்தியர் பத்தில் ஒரு பங்கினர் மட்டுமே. மலேசியாவில் இந்தியர் பெரும்பான்மையாக உள்ள நாடாளுமன்றத் தொகுதி ஒன்றுகூட இல்லை என்பதையும் இங்கு நினைவிற் கொள்ளுதல் வேண்டும். ஆகவே, ம.இ.கா. வேட்பாளர் ஒவ்வொருவரும் கூட்டணிக் கட்சிகளின் வாக்கு வங்கியை நம்பியே களம் இறங்க வேண்டியவராயினர். பிற இனத்தார் வாக்கால் வென்று, தம் இனத்தாரின் குறைகளுக்கு விடை கூற வேண்டிய இரட்டை நிலை இதனால் உருவாயிற்று.

இத்தொகுதியை இவருக்கு முன் வகித்தவர் ம.இ.கா.வின் துணைத் தலைவராக விளங்கிய மற்றொரு ச. சுப்பிரமணியம் ஆவார். இருவர் பெயரும் ஒன்றாய் அமைந்தமையால், அக்காலப் பதிவுகளைப் பயன்படுத்தும் ஆய்வாளர் கவனத்துடன் இருத்தல் நலம்.

2008: வீழ்ச்சிக்கிடையே ஓர் எழுச்சி

1953ஆம் ஆண்டு பிறந்த டாக்டர் சுப்பிரமணியம் தோல் நோய்ச் சிறப்பு மருத்துவர். 2004 பொதுத் தேர்தலில் முதன்முறையாக நாடாளுமன்றம் புகுந்தார். 2007 நவம்பர் 25ஆம் நாள் கோலாலம்பூரில் நடைபெற்ற ஹிண்ட்ராப் பேரணி இந்தியரின் அரசியல் மனநிலையை அடியோடு மாற்றியது. 2008 மார்ச் தேர்தலில் ம.இ.கா. போட்டியிட்ட 9 நாடாளுமன்றத் தொகுதிகளில் 3 மட்டுமே அதன் கைவசமாயின. 1974 முதல் சுங்கை சிப்புட்டைத் தம் கோட்டையாகக் கொண்டிருந்த கட்சித் தலைவர் ச. சாமிவேலுவே தோல்வியுற்றார். சிகாமட்டைக் காத்துக்கொண்ட டாக்டர் சுப்பிரமணியம் மனிதவள அமைச்சராக அமைச்சரவையில் இடம்பெற்றார். கட்சியின் சரிவே இவருடைய உயர்வுக்கு வழி திறந்தது எனில் மிகையாகாது.

தொழிலாளர் சட்டங்கள்

இவர் மனிதவள அமைச்சராக இருந்த 2008–2013 காலப்பகுதியே நம் மதிப்பீட்டில் முதன்மையானது. அதற்கு முன் மலேசியாவில் நாடு முழுமைக்குமான குறைந்தபட்சச் சம்பளச் சட்டம் இருக்கவில்லை. 1947ஆம் ஆண்டின் சம்பள மன்றச் சட்டம் கடைப் பணியாளர், உணவு விடுதிப் பணியாளர் போன்ற ஒரு சில துறையினரையே தழுவி நின்றது. 2011ஆம் ஆண்டின் தேசியச் சம்பள ஆலோசனை மன்றச் சட்டம் இந்நிலையை மாற்றியது. அதன் அடிப்படையில் வெளியான 2012ஆம் ஆண்டு ஆணை, தீபகற்பத்தில் மாதம் 900 ரிங்கிட், சபா, சரவாக்கில் 800 ரிங்கிட் என வரையறுத்தது. 2013 ஜனவரி முதல் அது நடைமுறைக்கு வந்தது. தனியார் துறையில் ஓய்வு வயது 60க்குக் குறையலாகாது எனும் சட்டமும் 2012இல் நிறைவேறி, 2013 ஜூலையில் செயலுக்கு வந்தது.

தலைமுறை தலைமுறையாக நாட்கூலியில் உழன்ற தோட்டப்புறத் தமிழரின் வழித்தோன்றல்களுக்கு இச்சட்டங்களின் பொருள் பெரிது. ஆயினும் இரு தடைகளை நாம் மறைத்தல் ஆகாது. ஒன்று, அச்சட்டம் வந்த காலத்தில் தோட்ட வேலையின் பெரும்பகுதி அந்நியத் தொழிலாளர் கைக்கு மாறியிருந்தது; இந்தியர் பலர் தோட்டங்கள் துண்டாடப்பட்டு நகர்ப்புற விளிம்புகளுக்குப் பெயர்ந்திருந்தனர். மற்றொன்று, வீட்டுப் பணியாளர் அவ்வாணையின் பாதுகாப்புக்குப் புறத்தே விடப்பட்டனர். சட்டம் அமைச்சரவையின் கூட்டுப் பொறுப்பாதலின் முழுப் பெருமையையும் ஒருவர்மேல் ஏற்றுதலும் முறையன்று. எனினும், ஓர் இன நலன் என முழங்காமல் அனைத்து இனத் தொழிலாளருக்குமான சட்டத்தின் வழி தம் இனத்தாருக்கும் பயன் சேர்த்த முறை இங்குப் புலப்படுகிறது.

சுகாதார அமைச்சும் அதன் சோதனைகளும்

2013 மே தேர்தலில் சிகாமட் களம் விந்தையானதோர் போட்டியைக் கண்டது. எதிர்த்து நின்ற சுவா ஜுய் மெங் முன்னாள் சுகாதார அமைச்சர். மக்கள் நீதிக் கட்சியின் வேட்பாளராக வந்தவர். ஆயிரத்து இருநூறு வாக்குகளை ஒட்டிய சிறு வேறுபாட்டில் அவரை வென்ற டாக்டர் சுப்பிரமணியம், அடுத்த சில நாட்களில் அதே சுகாதார அமைச்சின் பொறுப்பை ஏற்றார்.

இப்பொறுப்பில் அவர் அறிவித்த முடிவுகளுள் வரலாற்றுச் சிறப்புடையது 2017 செப்டம்பரில் வெளியானது. கல்லீரல் அழற்சி 'சி' நோய்க்கான சொபோஸ்புவிர் மருந்தின் காப்புரிமையை மீறியும் மலிவான பொதுவகை மருந்தைத் தருவிக்க, 1983ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டம் அரசுக்கு அளித்த உரிமை பயன்படுத்தப்பட்டது. அமெரிக்காவில் அம்மருந்து 2013இல் அறிமுகமானபோது 12 வாரச் சிகிச்சையின் விலை 84,000 டாலர். அரசு மருத்துவமனையை நம்பியிருந்த நோயாளிக்கு அது எட்டாக் கனியே. 2003இல் எச்.ஐ.வி. மருந்துகளுக்காக மலேசியா எடுத்த முன்முயற்சியின் தொடர்ச்சியாகவும் இதனை நாம் காண்கிறோம்.

இதற்கு நேர்மாறான துயர நிகழ்வு அவருடைய சொந்த மாநிலத் தொகுதி அமைந்த ஜொகூரிலேயே நிகழ்ந்தது. 2016 அக்டோபர் 25ஆம் நாள் ஜொகூர் பாருவின் சுல்தானா அமினா மருத்துவமனையில் தீவிர சிகிச்சைப் பிரிவில் மூண்ட தீ, 6 நோயாளிகளின் உயிரைக் கொண்டது. மருந்தின் விலைக்காகப் போராடிய அதே அமைச்சின் கீழ், பழைய கட்டடங்களின் பாதுகாப்பு கேள்விக்குறியானது. ஒன்றைக் கூறி மற்றொன்றை விடுத்தல் வரலாறு ஆகாது.

கட்சித் தலைமையும் தோல்வியும்

2013 கட்சித் தேர்தலை ஒட்டி எழுந்த பிணக்கு, சங்கப் பதிவு இலாகா வரையும் நீதிமன்றம் வரையும் சென்றது. அதன் விளைவாக 2015 ஜூனில் ஜி. பழனிவேலுவுக்குப் பதிலாக டாக்டர் சுப்பிரமணியம் இடைக்காலத் தலைவரானார். பின்னர் தலைவராகவும் தேர்வு பெற்றார். 2017 ஏப்ரலில் மலேசிய இந்தியர் பெருந்திட்டம் வெளியிடப்பட்டது. ஆனால் அதன் பலன் கனியுமுன் ஆட்சியே மாறியது. 2018 மே 9ஆம் நாள் மக்கள் நீதிக் கட்சியின் எட்மண்ட் சந்தாராவிடம் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட வாக்குகளில் அவர் தோல்வியுற்றார். 2008இல் கட்சித் தலைவருக்கு நேர்ந்தது, பத்தாண்டுகளில் மீண்டும் மற்றொரு தலைவருக்கு நேர்ந்தது.

முடிவுரை

2018இல் வென்றவரும், 2022இல் அதே கட்சியின் சார்பில் வென்ற யுனேஸ்வரன் இராமராஜும் இந்தியரே. பத்தில் ஒரு பங்கினரே இந்தியராக உள்ள தொகுதியில், ஆளும் கட்சி மாறியும் இந்தியப் பேராளர் மரபு மாறவில்லை என்பது கருதற்பாலது. தேசிய முன்னணி வளர்த்த பங்கீட்டு மரபை எதிரணியும் தன்வயப்படுத்திக் கொண்டது என நாம் முடிவு கூறலாம். இவ்வகையில் டாக்டர் சுப்பிரமணியத்தின் தோல்வி ஒரு கட்சியின் தோல்வியே. சிகாமட்டில் இந்தியப் பேராண்மையின் தோல்வியன்று.

அவருடைய வாழ்வைப் பதவிகளால் மட்டும் அளப்போர், தோற்ற தலைவர் எனச் சுருக்கி விடுவர். 900 ரிங்கிட் சம்பளத்தைப் பெற்ற தொழிலாளியையும், எட்டாத மருந்தைப் பெற்ற நோயாளியையும், தீயில் மாண்ட 6 பேரையும் ஒரே தட்டில் வைத்து எண்ணும் மதிப்பீடே நமக்கு வேண்டுவது. நாடாளுமன்ற நடவடிக்கைக் குறிப்புகளில் அவர் ஆற்றிய உரைகளைத் தொகுத்து ஆராயும் பணி, இளம் ஆய்வாளரை எதிர்நோக்கி நிற்கிறது.