குழாய்நீரை நம்பலாமா? ஹம்பேர்க் 1892 தரும் பாடம்



ஜேர்மனியின் சிறு நகரங்களில் வாழும் உங்களிற் பலர் ஒரே கேள்வியைப் பல தடவைகள் என்னிடம் கேட்டிருக்கிறீர்கள்: “சுவாமி, இந்த ஊர்க் குழாய்த் தண்ணீரை அப்படியே குடிக்கலாமா?” கேத்திலின் அடியிற் படியும் வெண்படிவைக் கண்டு அஞ்சி, வாரந்தோறும் போத்தல் தண்ணீர்ப் பெட்டிகளை மேல்மாடிவரை சுமந்து செல்லும் குடும்பங்களை நான் அறிவேன். அதே குடும்பங்கள் விடுமுறைக்கு யாழ்ப்பாணம் சென்றால், பிறந்த வீட்டுக் கிணற்றில் அள்ளிய நீரை எவ்வித ஐயமுமின்றிப் பிள்ளைகளுக்குப் பருகக் கொடுக்கின்றன. இங்கே அச்சம், அங்கே நம்பிக்கை. இவ்விரண்டும் எதன்மேல் கட்டப்பட்டவை என்று நாம் கேட்டதுண்டா? இந்நாட்டின் குழாய்நீர் எவ்வாறு நம்பத்தக்கதாயிற்று என்ற வரலாற்றை அறிந்தால் அதற்கு விடை கிடைக்கும். அவ்வரலாறு பெருந்துயரம் ஒன்றில் தொடங்குகிறது.

1892ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம். எல்பே ஆற்றங்கரையில் ஆறு இலட்சத்துக்கு மேற்பட்ட மக்கள் வாழ்ந்த ஹம்பேர்க் நகரில் கொலரா பரவியது. நம் முன்னோர் வாந்திபேதி என்று அழைத்து நடுங்கிய அதே நோய்தான். இலையுதிர்காலம் முடிவதற்குள் ஏறத்தாழ 17,000 பேர் நோயுற்றனர். 8,600க்கு மேற்பட்டோர் மாண்டனர். ஐரோப்பாவின் செல்வம் மிகுந்த துறைமுகங்களுள் ஒன்றான அந்நகரில் சவப்பெட்டிகளுக்கும் தட்டுப்பாடு ஏற்பட்டது.

ஹம்பேர்க்கில் குழாய்நீர் இல்லாமல் இருக்கவில்லை. 1842இல் நகரின் பெரும்பகுதியை அழித்த தீவிபத்தின்பின், வில்லியம் லிண்ட்லி என்னும் ஆங்கிலப் பொறியியலாளரின் திட்டப்படி அங்கே நவீன நீர்வழங்கல் அமைக்கப்பட்டது. ஆனால் ஆற்றுநீர் வடிகட்டப்படாமலே வீடுகளுக்குச் சென்றது. சேறும் சிறு உயிரினங்களும் குழாய்வழி வருவது அந்நகர மக்களுக்குப் பழகிப்போன ஒன்று. வடிகட்டும் நிலையம் தேவை என்ற பேச்சு ஆண்டுக்கணக்கில் நீடித்தது. செலவு யாருடையது, வரி எவ்வளவு என்ற வாதங்களில் காலம் கழிந்தது. 1890இல் ஒருவாறு முடிவெடுத்துப் பணியைத் தொடங்கினார்கள். நோய் அதற்கு முன்னே வந்து சேர்ந்தது.

இனி அயலூரைப் பாருங்கள். ஹம்பேர்க்கோடு ஒட்டியிருந்த அல்தோனா அந்நாளில் பிரஷ்ய அரசுக்குட்பட்ட தனி நகரம். அதுவும் எல்பே நீரையே பருகியது. அதுவும் ஹம்பேர்க்குக்குக் கீழ்ப்புறத்தில், அப்பெருநகரின் கழிவுகள் கலந்தபின் எடுக்கப்பட்ட நீர். ஆயினும் அல்தோனா 1859ஆம் ஆண்டிலிருந்தே தன் நீரை மணற்படுகைகளில் வடிகட்டி வந்தது. விளைவு வியக்கத்தக்கது. அல்தோனாவில் இறந்தோர் சில நூறு பேரே. அவர்களிலும் பலர் ஹம்பேர்க்குக்குச் சென்று நோயைப் பெற்றவர்கள். இரு நகரங்களின் எல்லையாக அமைந்த சுல்டர்பிளாட் தெருவில், ஹம்பேர்க் பக்கத்திலிருந்த ஒரு தொழிலாளர் குடியிருப்புக்கு மட்டும் அல்தோனாவின் நீர் வழங்கப்பட்டிருந்தது. சுற்றிலும் மரணம் நடமாடியபோதும் அங்கு வாழ்ந்த சில நூறு பேரைக் கொலரா தொடவில்லை. மண்ணும் காற்றும் ஒன்றே. குழாய் மட்டுமே வேறு.

இதனை உலகுக்கு விளக்கிக் காட்டியவர் மருத்துவ அறிஞர் ரொபேர்ட் கொக். அவருடைய அறிவின் ஒரு பகுதி நம் துணைக்கண்டத்தின் குளக்கரையிற் பெறப்பட்டது. 1884இல் கல்கத்தாவில் கொலராக் கிருமியைத் தனியே பிரித்து இனங்கண்ட அவர், மக்கள் குளிக்கவும் துவைக்கவும் குடிக்கவும் பயன்படுத்திய குளமொன்றின் நீரிலும் அதனைக் கண்டார். கல்கத்தாவின் ஏழைகள் தம் உயிரால் எழுதிய பாடத்தை எட்டு ஆண்டுகளுக்குப் பின்னும் ஹம்பேர்க் படித்திருக்கவில்லை.

இத்துயரத்தில் இரு செய்திகளை நாம் மறத்தலாகாது. முதலாவது, மறைப்பு. ஓகஸ்ட் நடுப்பகுதியிலேயே நோயாளிகள் மடியத் தொடங்கியிருந்தனர். துறைமுக வாணிகம் பாதிக்கப்படுமென்ற தயக்கத்தில் அதிகாரிகள் அறிவிப்பைப் பல நாட்கள் தாமதித்தனர். அந்நாட்களில் தாய்மார் அந்நீரையே தம் பிள்ளைகளுக்குப் பருகக் கொடுத்தனர். கொதிக்கவைத்துக் குடியுங்கள் என்ற ஒரு வரி, உரிய வேளையில் வந்திருந்தால், எத்தனையோ உயிர்களைக் காத்திருக்கும்.

இரண்டாவது, பழி. ரஷ்யாவிலிருந்து அமெரிக்கா நோக்கிச் செல்லும் வழியில் ஹம்பேர்க் துறைமுகத்திற் காத்திருந்த ஏழைப் புலம்பெயர்ந்தோர்மீது, சிறப்பாக யூதர்மீது, குற்றம் சுமத்தப்பட்டது. நோய் எவ்வழியால் வந்திருந்தாலும், அதை ஊரெங்கும் கொண்டுசென்றது நகரம் தானே அமைத்த குழாய். அகதியாய் வந்து அந்நியராய் வாழ்ந்த அனுபவமுடைய நமக்கு, இத்தகைய பழி எவ்வளவு எளிதில் பிறக்கும் என்று எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மடிந்தோரில் மிகுதியானோரும் நெரிசலான குடியிருப்புகளில் வாழ்ந்த வறியவர்களே.

ஹம்பேர்க் 1893 மே மாதத்தில் கால்ற்றஹோஃப என்னும் இடத்தில் தன் வடிகட்டும் நிலையத்தைத் திறந்தது. ஆனால் கதை இத்துடன் முடியவில்லை. அதற்கு முந்திய குளிர்காலத்திலேயே வடிகட்டியை வைத்திருந்த அல்தோனாவிலும் கொலரா சிறிதளவில் தலைகாட்டியது. காரணத்தை ஆராய்ந்த கொக், உறைபனியால் மணற்படுகை ஒன்று சரிவர இயங்காமற் போனதைக் கண்டார். மணலின் மேற்பரப்பில் வளரும் மெல்லிய உயிர்ப்படலமே கிருமிகளைத் தடுக்கிறது. அது சிதைந்தால் மணல் வெறும் மணலே. ஆகவே அவர் ஒரு நெறியை வகுத்தார்: ஒவ்வொரு வடிகட்டியின் நீரும் நாள்தோறும் சோதிக்கப்படவேண்டும்; ஒரு மில்லிலீற்றரில் 100 கிருமிகளுக்கு மேல் இருத்தலாகாது. இன்றைய ஜேர்மானியக் குடிநீர் ஒழுங்குவிதியிலும் நுண்ணுயிர்க் குடித்தொகைக்கான அளவாக அந்த 100 என்னும் எண் நிற்கிறது.

நெறி எழுதப்பட்டால் போதாது, காக்கப்படவும் வேண்டும் என்பதை உங்களிற் பலர் வாழும் றூர்ப் பகுதியே உணர்த்தியது. 1901இல் கெல்சன்கேர்ச்சன் நகரிலும் அதன் சுற்றுப்புறத்திலும் நெருப்புக்காய்ச்சல் பரவியது. ஏறத்தாழ 3,200 பேர் நோயுற்றனர். சுமார் 350 பேர் இறந்தனர். சுரங்கங்களும் ஆலைகளும் பெருகி நீர்த்தேவை உயர்ந்தபோது, பற்றாக்குறையை ஈடுசெய்யத் தனிக்குழாய் ஒன்றின்வழி வடிகட்டப்படாத றூர் ஆற்றுநீர் வழங்கலிற் கலக்கப்பட்டது வெளிவந்தது. 1904இல் வழக்கு நடந்தது. பொறுப்பாயிருந்தோருக்கு அபராதமே தண்டனையாயிற்று. எனினும் அத்துயரத்திலிருந்து ஒரு நன்மையும் பிறந்தது. 1902இல் அந்நகரில் நிறுவப்பட்ட சுகாதார ஆய்வு நிலையம் இன்றும் நீரைச் சோதித்து வருகிறது.

ஆகவே, அன்புக்குரியவர்களே, உங்கள் சிறு நகரத்தில் குழாயைத் திறந்ததும் வரும் தெளிந்த நீர் இயற்கையின் கொடை மட்டுமன்று. இறந்தோரின் நினைவிலிருந்து கற்றுக்கொண்ட ஒரு சமூகம் இடைவிடாது செய்யும் சோதனையின் பயன் அது. எப்போதாவது உங்கள் ஊரில் “நீரைக் கொதிக்கவைத்துப் பருகுங்கள்” என்ற அறிவிப்பு வரும்போது, பலர் பதற்றமடைந்து, இனி இந்தத் தண்ணீர் வேண்டாம் என்கிறார்கள். சற்றுச் சிந்தியுங்கள். 1892இல் பல நாட்கள் மறைக்கப்பட்ட செய்தி இன்று உடனே உங்கள் கைத்தொலைபேசிக்கு வந்து சேர்கிறது. காவலன் விழித்திருக்கிறான் என்பதற்கு அதுவே சான்று. அறிவிப்பு நீங்கும்வரை சொன்னபடி கொதிக்கவைத்து அருந்துங்கள். பின்னர் அச்சமின்றிப் பருகுங்கள்.

கேத்திலிற் படியும் வெண்மையைக் கண்டும் அஞ்சவேண்டாம். அது சுண்ணாம்புப் படிவு. யாழ்ப்பாணத்துக் கிணற்றுநீரிலும் உள்ளதே. நீங்கள் கவனிக்கவேண்டியது உங்கள் கட்டடத்தின் உட்குழாய்களை. நீர் வழங்கும் நிறுவனத்தின் பொறுப்பு வீட்டு இணைப்போடு முடிகிறது. அதன்பின் பொறுப்பு வீட்டு உரிமையாளருடையது. 1973க்கு முன் கட்டப்பட்ட வீடுகள் சிலவற்றில் ஈயக்குழாய்கள் இருந்திருக்கலாம். 2023ஆம் ஆண்டின் ஒழுங்குவிதி அவற்றை அகற்ற 2026 ஜனவரி 12ஆம் நாளை இறுதி எல்லையாக வகுத்தது. குழந்தைகளும் கருவுற்ற தாய்மாரும் உள்ள வீடுகளில் இதனை உரிமையாளரிடம் தயங்காது கேளுங்கள். குழாயில் நான்கு மணி நேரத்துக்கு மேல் தேங்கிய நீரை, அது குளிர்ந்து வரும்வரை ஓடவிட்டபின் பருகுங்கள்.

இனி நம் ஊருக்கு வருவோம். ஆறில்லாத யாழ்ப்பாணக் குடாநாட்டில் மக்கள் சுண்ணக்கல் இடுக்குகளில் தேங்கும் மழைநீரையே கிணறுகளில் அள்ளுகிறார்கள். அக்கல் மணலைப்போல் வடிகட்டுவதில்லை. மேலே சிந்துவது விரைவில் கீழே சேர்ந்துவிடும். தோட்டத்து உரமும் மலக்குழிகளின் கசிவும் நீரில் நைத்திரேற்றை மிகுவிக்கின்றன. அது கைக்குழந்தைகளுக்கு ஆபத்தானது. நீர் பளிங்குபோல் தெளிந்திருக்கும், சுவையும் மாறாது. ஜேர்மனியும் இதில் குற்றமற்றதன்று: உர நைத்திரேற்றிலிருந்து நீரைப் போதியளவு காக்கவில்லை என்று 2018இல் ஐரோப்பிய நீதிமன்றம் இந்நாட்டுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. ஆனால் இங்கே அளவிடுவோர் இருந்தார்கள். அளந்ததனால் வழக்கு எழுந்தது.

சுன்னாகத்தை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். மின்நிலையத்தைச் சூழ்ந்த கிணறுகளில் எண்ணெய் கலந்ததும், மக்கள் பவுசர் தண்ணீருக்காகக் காத்து நின்றதும், 2015இன் தொடக்கத்தில் வீதிக்கு இறங்கிப் போராடியதும் நம் கண்முன் நிகழ்ந்தவை. ஒரு குழு மாசு உண்டென்றது. மற்றொன்று அஞ்சவேண்டியதில்லை என்றது. எதை நம்புவதென்று அறியாமல் தவித்தவர்கள், அந்நீரையே ஊற்றி உலைவைக்க வேண்டியிருந்த தாய்மார். 2019 ஏப்ரலில் இலங்கை உயர் நீதிமன்றம், மின்நிலையத்தை நடத்திய நிறுவனம் 2 கோடி ரூபாய் இழப்பீடு செலுத்தவேண்டுமெனத் தீர்ப்பளித்தது. ஹம்பேர்க்கின் தாமதமும் சுன்னாகத்தின் குழப்பமும் ஓரினத்தவை: தண்ணீரைப் பற்றிய உண்மை, அதைப் பருகுவோருக்கு இறுதியாகவே வந்து சேர்ந்தது.

எனவே உங்களிடம் ஒரு வேண்டுகோள். இங்கே போத்தல் தண்ணீருக்குச் செலவிடும் பணத்தில் ஒரு பங்கை ஒதுக்கி, ஊரில் உள்ள உங்கள் குடும்பக் கிணற்று நீரை ஆய்வுகூடத்தில் சோதிப்பிக்க உதவுங்கள். நைத்திரேற்று எவ்வளவு, மலக்கிருமி உண்டா என்று எழுத்தில் கேட்டுப் பெறுங்கள். கிணற்றுக்கு அருகே மலக்குழி இருந்தால் தள்ளி அமைக்கப் பணம் அனுப்புங்கள். கோயில் திருப்பணிக்கும் திருவிழாவுக்கும் நாம் தாராளமாய் வழங்குகிறோம். அந்தத் திருவிழாவிற் பந்தல் போட்டு வழங்கும் தண்ணீர் தூயதா என்று கேட்பதும் பக்தியின் ஒரு பகுதியே. தாகமாயிருந்தவருக்குத் தண்ணீர் கொடுத்தோமா என்று நாம் ஒருநாள் கேட்கப்படுவோம் என்பது நம் விசுவாசம். அந்தத் தண்ணீர் அவரைக் கொல்லாததாய் இருக்கவேண்டும் என்பதை நான் சேர்த்துச் சொல்லவேண்டியதில்லை.

இறைவனின் ஆசீர் உங்கள் இல்லங்களில் நிலைப்பதாக.

அன்புடன்,
உங்கள் பங்குத்தந்தை