பத்திரிகை சூட்டிய பெயர்

நீதிக்கட்சி என்று இன்று நாம் சொல்கிறோமே, அதைத் தொடங்கியவர்கள் வைத்த பெயர் அதுவல்ல. தென்னிந்திய நல உரிமைச் சங்கம் என்பதுதான் அவர்கள் வைத்தது. ஆங்கிலத்தில் சவுத் இண்டியன் லிபரல் ஃபெடரேஷன். ‘லிபரல்’ என்ற ஒற்றைச் சொல்லைத் தமிழாக்கப் புகுந்தவர் ‘நல உரிமை’ என்று இரண்டு சொல் செலவழித்திருக்கிறார். மேடையில் முழங்குவதற்கு எந்த மொழியிலும் ஏற்ற பெயரல்ல அது.

1916 நவம்பர் 20 அன்று சென்னையில் பிட்டி தியாகராயர், டாக்டர் டி.எம். நாயர் முதலான பிராமணரல்லாத தலைவர்கள் கூடியபோது, அவர்கள் முதலில் எடுத்த முடிவே பத்திரிகை நடத்துவதுதான். தமிழில் ‘திராவிடன்’, தெலுங்கில் ‘ஆந்திர பிரகாசிகா’, ஆங்கிலத்தில் ‘ஜஸ்டிஸ்’. நாயரை ஆசிரியராகக் கொண்டு ‘ஜஸ்டிஸ்’ 1917 பிப்ரவரி 26 அன்று வெளிவந்தது.

அந்தப் பெயர் பாரிசிலிருந்து வந்தது என்பார்கள். பிரெஞ்சு அரசியல்வாதி கிளெமான்சோ 1880-இல் ‘லா ஜுஸ்டிஸ்’ என்றொரு நாளேடு தொடங்கினார். மருத்துவம் படிக்க ஐரோப்பா சென்ற நாயருக்கு அவர்மீது ஈடுபாடு உண்டு. கேரளத்தில் பிறந்த ஒரு காது மூக்கு தொண்டை மருத்துவர் வழியாகச் சென்னைக்கு வந்த பிரெஞ்சுப் பெயர்!

பத்திரிகை பரவப் பரவ, அதை நடத்தியவர்கள் ‘ஜஸ்டிஸ் கட்சிக்காரர்கள்’ ஆனார்கள். 1920 தேர்தலில் வென்று ஆட்சி அமைத்தபோது சங்கத்தின் சொந்தப் பெயர் ஏறக்குறைய ஏட்டோடு நின்றுவிட்டது. பின்னால் ‘ஜஸ்டிஸ்’ தமிழில் ‘நீதி’ ஆனது. கொடியிலும் தராசு ஏறியது. எதிரிகள் கேலி செய்யவும் அதே பெயர்தான் கைகொடுத்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

1944 ஆகஸ்ட் 27, சேலம் மாநாடு. பெரியார் தலைமையில் கட்சி ‘திராவிடர் கழகம்’ ஆனது. அண்ணா கொண்டுவந்த தீர்மானம் அது. பத்திரிகை தந்த பெயர் போய், மக்களைக் குறிக்கும் பெயர் வந்தது. எல்லோரும் அதை ஏற்கவில்லை. பி.டி. ராஜன் போன்ற சிலர் பழைய பெயரை விடாமல் பிடித்துக்கொண்டார்கள். 1952 பொதுத்தேர்தலில் அவர்கள் நீதிக்கட்சியாகவே ஒன்பது சட்டமன்றத் தொகுதிகளில் நின்றார்கள். வென்றவர் ராஜன் ஒருவர்தான்.