குறியீட்டு மாற்றுப்பெயர் (மெயின்பிரேம்)

குறியீட்டு மாற்றுப்பெயர் என்பது மெயின்பிரேம் கணினியில் ஒரு தரவுத்தொகுதியை அதன் இயற்பெயர் அல்லாத வேறொரு பெயரால் அழைப்பதற்குக் கேட்டலாக்கில் பதிந்துவைக்கப்படும் ஒருவகைப் பெயராகும். சாதாரண மாற்றுப்பெயர் எப்போதும் ஒரே இயற்பெயரையே சுட்டும். இதுவோ இயற்பெயரின் ஒரு பகுதியைக் குறியீடாக விட்டுவைத்து, பயன்படுத்தும் வேளையில் நிரப்பிக்கொள்கின்றது.

மதுரையைக் கூடல், ஆலவாய் என்று அழைப்பது முதல்வகையை ஒத்தது. "எங்கள் மாவட்டத் தலைநகர்" என்பது இரண்டாம் வகை: மேலூரில் சொன்னால் மதுரை, மானாமதுரையில் சொன்னால் சிவகங்கை, போடியில் சொன்னால் தேனி.

வரலாறு

கேட்டலாக்கின் மேல்நிலைச் சுட்டுக்கு மாற்றுப்பெயர் இடும் வசதி ஐபிஎம்மின் ஓஎஸ்/360 இயங்குதளத்திலேயே இருந்தது. தமிழ்நாட்டில் 1973இல் சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் நிறுவப்பெற்ற ஐபிஎம் 370/155 இக்குடும்பத்தைச் சேர்ந்த கணினியே. குறியீட்டு வகை மிகவும் பிற்பட்டது. இன்று இசட்/ஓஎஸ் இயங்குதளத்தில் உள்ளது.

செயற்பாடு

தரவுத்தொகுதியின் பெயர் புள்ளிகள் உட்பட 44 எழுத்துகளுக்கு மிகாது. புள்ளிகளுக்கு இடைப்பட்ட ஒவ்வொரு பகுதியும் 8 எழுத்துகளுக்கு மிகாது. உண்மையில் இப்பெயர்கள் உரோம எழுத்திலேயே அமையும். இங்கு புரிதலுக்காகத் தமிழில் தரப்படுகின்றன.

ஐடிகேம்ஸ் நிரலின் டிஃபைன் ஏலியாஸ் கட்டளையில் ரிலேட் என்பதற்குப் பதிலாகச் சிம்பாலிக்ரிலேட் என்று கொடுத்து, கூடல்.நிரல் என்ற பெயரை கூடல்.&பதிப்பு..நிரல் என்பதோடு இணைப்பதாகக் கொள்வோம். ஒரே கேட்டலாக்கைப் பகிரும் இரு கணினிகளில் &பதிப்பு என்பதன் மதிப்பு ஒன்றில் ப12, மற்றொன்றில் ப13 எனில், ஒரே பெயர் முதற்கணினியில் கூடல்.ப12.நிரல் என்பதையும் அடுத்ததில் கூடல்.ப13.நிரல் என்பதையும் திறக்கும். பதிப்பு மாறும்போது ஆயிரக்கணக்கான ஜேசிஎல் வரிகளைத் திருத்தும் வேலை இதனால் இல்லாமற் போகின்றது.

இரட்டைப் புள்ளி அச்சுப்பிழையன்று. முதற்புள்ளி குறியீட்டின் முடிவைக் காட்டி மறைந்துவிடும். ஒற்றைப் புள்ளியே இட்டால் கூடல்.ப12நிரல் என்ற இல்லாத பெயர் கிடைக்கும். இயற்பெயர் உள்ளதா என்பது பதியும்போது சரிபார்க்கப்படாததால், இப்பிழை பணி ஓடும் நேரத்தில்தான் தெரியவரும். பெரும்பாலும் அது நள்ளிரவாகவே இருக்கும்!

கவனிக்க வேண்டியவை

சாதாரண மாற்றுப்பெயர் தரவுத்தொகுதியுடன் சேர்ந்து நீக்கப்படும். குறியீட்டு வகை நீக்கப்படாது, தனியே நின்றுகொண்டிருக்கும். ராக்எஃப் பாதுகாப்பு மென்பொருள் இயற்பெயரையே சோதிக்கின்றது. ஆகவே அனுமதியும் இயற்பெயருக்கே வழங்கப்பட வேண்டும். ஜேசிஎல்லில் வட்டின் எண்ணை நேரடியாகக் குறிப்பிட்டுவிட்டால் கேட்டலாக் தேடப்படுவதில்லை. வட்டின் உள்ளடக்க அட்டவணையிலோ இயற்பெயர் மட்டுமே இருக்கும். எனவே அவ்விடத்தில் மாற்றுப்பெயர் பயன்படாது.