பூட்டிய சொல்

அகராதி என்றதும் தேர்வுக்குப் படிக்கும் மாணவனின் மேசைதான் நம் நினைவுக்கு வருகிறது. கடினமான ஆங்கிலச் சொற்களை உருப்போடுகிறோம். தேர்வு முடிந்ததும் மறந்துவிடுகிறோம். ஆனால், ஒரே ஒரு சொல்லின் பொருளைத் தேடி ஓர் அடிமைச் சிறுவன் தவித்த வரலாற்றை நாம் அறிய வேண்டாமா?

அமெரிக்க நாட்டு மேரிலாண்டில் 1818-இல் அடிமையாகப் பிறந்தவன் பிரடரிக் டக்ளஸ். சிறு வயதிலேயே பால்டிமோர் நகரத்து வீடொன்றில் ஏவல் செய்ய அனுப்பப்பட்டான். எசமானி எழுத்துக்களையும், மூன்று நான்கு எழுத்துச் சொற்களையும் கற்றுத் தந்தாள். எசமானன் சீறினான். படிப்பறிந்தவன் அடிமையாக நிலைக்கமாட்டானாம்! தடையாக வந்த அந்தச் சொல்லே சிறுவனுக்கு வழிகாட்டியாயிற்று. ஆதிக்கம் எதற்கு அஞ்சுகிறதோ, அதுவே விடுதலையின் வாயில் என்று கண்டுகொண்டான். தெருவிலே கண்ட ஏழை வெள்ளைச் சிறுவர்களுக்கு ரொட்டி கொடுத்தான். பதிலுக்குப் பாடம் பெற்றான்.

அந்நாளில் ஒரு சொல் அவன் செவியில் அடிக்கடி விழுந்தது. அடிமை ஒருவன் தப்பியோடினாலும், களஞ்சியம் தீப்பற்றினாலும், எல்லாம் ‘அபாலிஷன்’ செய்த வேலை என்று எசமானர்கள் பதறினர். அகராதியைப் புரட்டினான். ஒழிக்கும் செயல் என்ற அளவில் அது நின்றுவிட்டது. எதை ஒழிப்பது? அகராதி வாய் திறக்கவில்லை. பிறரைக் கேட்கவோ அச்சம். கேட்டால் ஐயம் எழும். ஐயம் எழுந்தால் சவுக்கும் எழும்!

ஒரு நாள் செய்தித்தாள் விடை தந்தது. தலைநகரப் பகுதியில் அடிமை முறையை ஒழிக்கக் கோரி, வடமாநில மக்கள் காங்கிரசு மன்றத்துக்கு விண்ணப்பங்கள் அனுப்பிய செய்தி அது. சொல் விளங்கிற்று. தன் இனத்துக்காகக் குரல் எழுப்புவோர் உண்டு என்பதும் விளங்கிற்று!

1838-இல் தப்பினான். அடிமையாயிருந்தவன் 1845-இல் தன் வரலாற்றை எழுதி நூலாசிரியர் ஆனார். 1847-இல் ‘நார்த் ஸ்டார்’ ஏட்டின் ஆசிரியரும் ஆனார். அவர் பொருள் தேடிய அச்சொல், 1865-இல் நாட்டின் சட்டமாயிற்று.

அப்படியானால் அகராதி வீணோ? அன்று. நூறாண்டு கடந்து, 1940-களின் இறுதியில், அதே நாட்டின் நார்போக் சிறையில் மால்கம் எக்ஸ் நூலைத் திறந்தார். வரிக்கு வரி புரியாத சொற்கள். அகராதியின் முதற்பக்கத்தை நிறுத்தற்குறிகள் உட்படக் கையால் எழுதினார். எழுதியதை உரக்கப் படித்தார். அடுத்தடுத்த பக்கங்களுக்குச் சென்றார். சிறைச்சுவர் நின்றது, சிந்தனைக்குச் சுவரில்லாது போயிற்று!

தோழர்களே, அருஞ்சொல் கற்பது பகட்டுக்காக அன்று. சொல்லின் பொருளை அகராதி சொல்லும். அச்சொல் கேட்டு நடுங்குவோர் யார், நிமிர்வோர் யார் என்பதை நாட்டு நடப்புத்தான் சொல்லும். இரண்டையும் சேர்த்தே படிப்போம்!