வாசற்படி தாண்டாத சிநேகம்

‘மதம் மாத்தறதுக்குன்னே வந்து பழகுறாங்க.’ இந்தக் குற்றச்சாட்டை நாம் கேட்டுக்கொண்டே இருக்கிறோம். சொல்பவர் யார் என்று பாருங்கள். பெரும்பாலும் நம் தெருவுக்குள் ஒருநாளும் கால் வைக்காதவராக இருப்பார். தமிழக அரசு 2002இல் கொண்டுவந்த மதமாற்றத் தடைச் சட்டம் இந்தப் பேச்சுக்குச் சட்ட மொழியைக் கொடுத்தது. வலுக்கட்டாயம், ஆசை காட்டுதல், மோசடி இவற்றால் மதம் மாற்றினால் மூன்றாண்டு வரை சிறை. மாற்றப்பட்டவர் சிறுவராகவோ பெண்ணாகவோ தாழ்த்தப்பட்டவராகவோ பழங்குடியினராகவோ இருந்தால் நான்காண்டு வரை. சொந்தப் புத்தி இல்லாதவர்கள் வரிசையில் நம்மையும் உட்கார வைத்த சட்டம் அது. 2004 தேர்தலில் தோற்ற கையோடு அந்த அரசே அதைக் கைவிட்டது. சட்டம்தான் போனது.

எனக்குள்ள கேள்வி வேறு. மதம் பரப்ப வந்தவர்கள் இங்கே முதலில் யாரோடு சிநேகம் பிடித்தார்கள்? நம்மோடா?

நான் இருப்பது அரியாங்குப்பம். பிரெஞ்சுக்காரர் காலத்தில் யேசு சபையாருக்கு இங்கே மாதா கோயில் இருந்தது. 1748இல் ஆங்கிலேயர் வந்து மோதிய கோட்டையும் இங்கேதான் இருந்தது. ஆற்றோரம் அரிக்கமேட்டில் நிற்கிற இடிந்த கட்டடத்தைப் பார்த்து ரோமாபுரிக்காரன் கட்டியது என்று வெளியூர்க்காரர்கள் படம் பிடித்துக்கொண்டு போகிறார்கள். அது 1770களில் பாதிரிமாருக்கான குருமடம். எங்கள் ஊருக்கும் கப்பலில் வந்த சாமிக்கும் உள்ள உறவு அவ்வளவு பழசு.

1688இல் சயாமில் நடந்த ஆட்சிக் கவிழ்ப்புக்குப் பிறகு அங்கிருந்து விரட்டப்பட்ட பிரெஞ்சு யேசு சபையார் புதுச்சேரிக்கு வந்து சேர்ந்தார்கள். உள்நாட்டில் மதம் பரப்ப அவர்கள் கையிலெடுத்தது மதுரையில் ராபர்ட் தெ நொபிலி காட்டிய வழி. 1606இல் மதுரைக்கு வந்த நொபிலி காவி கட்டினார், புலால் விட்டார், பார்ப்பனச் சமையல்காரர் வைத்துக்கொண்டார், சிவதர்மர் என்ற பார்ப்பனரோடு பழகி சமஸ்கிருதம் படித்தார். தான் பறங்கி அல்ல என்று எழுதியே ஒட்டினார். இதற்கு அவர் கொடுத்த விலையைப் பற்றி நம் தமிழ்ப் பேராசிரியர்கள் பேசுவதில்லை. அதே மதுரையில் பரவர் கிறித்தவர்களுக்கு ஊழியம் செய்துகொண்டிருந்த கொன்சாலோ பெர்னாண்டஸ் என்ற தன் சபைப் பாதிரியாரை விட்டு அவர் விலகித் தனியே குடியேறினார். மேலே இருப்பவனோடு பழக வேண்டுமென்றால் கீழே இருப்பவனோடு பழகுவதை விட வேண்டும். இதுதான் சாதியின் சட்டம். அதை அவர் மீறவில்லை, கற்றுக்கொண்டார். 1640 வாக்கில் ‘பண்டாரசாமி’ என்று இன்னொரு வகைக் குருமார் வந்தார்கள். மற்ற சாதிகளோடு புழங்கும் வேலை அவர்களுக்கு. குருவிலும் வருணம்.

புதுச்சேரியில் இந்த சிநேகம் அதிகாரத்தோடு கைகோத்தது. கம்பெனியின் தலைமைத் தரகர் நயினியப்ப பிள்ளை கிறித்தவரல்ல. அந்தப் பதவி ஒரு கிறித்தவரிடம் இருந்தால் ஊரே மதம் மாறும் என்பது யேசு சபையாரின் கணக்கு. மாறு, இல்லாவிட்டால் போ என்று நெருக்கினார்கள். ஏழைக் கிறித்தவர்களுக்கு அவர் சோறும் செபமாலையும் கொடுத்தது கூட அவர்களுக்கு உறுத்தியது. பாருங்கள், பாதிரி கொடுத்தால் தர்மம், பிள்ளை கொடுத்தால் சதி! 1716இல் கவர்னர் எபேர் அவரைக் கைது செய்தார். 1717இல் சிறையிலேயே செத்தார். மகன் குருவப்பா பிரான்சுக்குப் போய் நியாயம் கேட்டார். அங்கே ஞானஸ்நானம் வாங்கி, செவாலியே பட்டத்தோடு திரும்பி வந்தார். இந்தக் கதையில் எல்லோரும் பெரிய மனிதர்கள். சேரி எங்கேயும் இல்லை.

சேரி வருவது ஒரு தடையுத்தரவில். போப்பாண்டவரின் தூதராக தூர்னோன் 1703 நவம்பரில் புதுச்சேரியில் இறங்கினார். எட்டு மாதம் தங்கி, 1704 ஜூனில் ஓர் ஆணை பிறப்பித்தார். திருநீறு கூடாது, பிள்ளையார் பொறித்த தாலி கூடாது, தீட்டு என்று பெண்களை விலக்கக் கூடாது என்று அடுக்கிக்கொண்டே போகிற அந்த ஆணையில் நமக்கான வரி ஒன்று உண்டு. பறையர் நோயில் கிடந்தால் குருவானவர் அவர் வீட்டுக்கே போய் தேவதிரவிய அனுமானங்களைத் தர வேண்டும். அப்படியானால் அதுவரை என்ன நடந்தது? சாகக் கிடக்கிறவரைத் தூக்கிக்கொண்டு வெளியே கொண்டுவர வேண்டும். சாமியார் குடிசைக்குள் நுழைய மாட்டார். நுழைந்தால் மேல்சாதிச் சிநேகம் கெட்டுப்போகும்.

யேசு சபையார் இந்த ஆணையை எதிர்த்து ரோமுக்கு மனு மேல் மனு போட்டார்கள். 1744 செப்டம்பரில் பதினான்காம் ஆசீர்வாதப்பர் முடித்து வைக்கும்வரை நாற்பது வருஷம் வழக்கு நடந்தது. ஒரு பறையர் வீட்டு வாசற்படியை ஒரு வெள்ளைக்காரர் தாண்டலாமா கூடாதா என்பதற்கு நாற்பது வருஷம்! கடைசியில் கண்டுபிடித்த சமரசம், பறையருக்கென்றே தனிக் குருமார். பறையர் வீட்டுக்குள் போகிறவர் வேறு, பார்ப்பனரோடு பழகுகிறவர் வேறு. ஊர் வேறு சேரி வேறு என்பதற்கு ரோமாபுரி முத்திரை.

அடுத்த ஆண்டு நடந்ததைத்தான் நாம் பாடப்புத்தகத்தில் வைத்திருக்க வேண்டும். புதுச்சேரி மாதா கோயிலுக்குள் சாதிக் கிறித்தவருக்கும் பறையருக்கும் நடுவே சுவர் எழுப்பியிருந்தார்கள். 1745 அக்டோபரில் பறையர்கள் கூடிப் போய், நாங்களும் உங்கள் பிள்ளைகள்தானே, எதற்கு இந்தச் சுவர் என்று குருவானவரைக் கேட்டார்கள். சுவர் இடிக்கப்பட்டது. சாதிக் கிறித்தவர்கள் கொதித்தார்கள், விவகாரம் துய்ப்ளேக்ஸ் வரை போனது. இதையெல்லாம் எழுதி வைத்தவர் ஆனந்தரங்கப் பிள்ளை. நமக்கு வேண்டியவர் அல்ல, ஆனாலும் எழுதினார். போனவர்களின் பெயர்களை மட்டும் அவர் எழுதவில்லை. ரோமின் ஆணை ஒருபக்கம் இருக்கட்டும். கேட்டது சேரி.

சுவர் அதோடு ஒழிந்ததா என்றால் இல்லை. இதே புதுச்சேரி – கடலூர் மறைமாவட்டத்தைச் சேர்ந்த எறையூரில் தேவாலயப் பாகுபாடு தாங்காமல் தலித் கிறித்தவர்கள் தனிப் பங்கு கேட்டார்கள். 2008 மார்ச்சில் அவர்கள் வீடுகள் தாக்கப்பட்டன. போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் வன்னியர் இருவர் செத்தார்கள்.

இவ்வளவும் படித்துவிட்டு ஒருநாள் எங்க ஆயாவிடம் கேட்டேன். நீ எதுக்கு ஞானஸ்நானம் வாங்கின?

“உங்க தாத்தா சாவக் கெடந்தாரு. வெள்ளக்கார சாமியாரு குனிஞ்சி குடிசக்குள்ள வந்தாரு. அவுரு படுத்திருந்த பாயிலியே குந்தினாரு. நம்ம ஊட்டு சொம்புல தண்ணி வாங்கிக் குடிச்சாரு. அப்பறம் என்னாத்த யோசிக்கறது?”

மதம் மாத்தத்தானே ஆயா வந்தாரு என்றேன்.

“வேல இருந்துதான் வந்தாரு, எனக்குத் தெரியாதா? நம்மகிட்ட வேல இருந்தும் வாசலோட நின்னு கூப்புட்டவனுங்கதான் ஊர்ல நெறைய.”

ஆயாவுக்கு ஆசை காட்டினார்களாம். காட்டியது ஒரு சொம்புத் தண்ணீர். அதுவும் எங்கள் தண்ணீர்.

நான் எம்.ஏ. முடித்த பிறகு என்னிடமும் இரண்டு தரப்பு வந்தது. ஜெபக் கூட்டத்துக்கு அழைத்த அண்ணன் ஆறு மாதம் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார், எங்கள் வீட்டில் கருவாட்டுக் குழம்பு சாப்பிட்டார். நான் சேரவில்லை என்றதும் வருவது நின்றது. தாய்மதம் திரும்பச் சொன்னவர்கள் மூன்று முறை வந்தார்கள். அம்மா கொடுத்த டீ மூன்று முறையும் ஆறிப்போய்க் கிடந்தது.

2024 நவம்பரில் புதுச்சேரிப் பெண் ஒருவரின் சாதிச் சான்றிதழ் வழக்கில் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. உண்மையான நம்பிக்கை இல்லாமல் இடஒதுக்கீட்டுக்காக மட்டும் மதம் மாறுவது அரசியல் சட்டத்தின் மீதான மோசடி என்றது. தேவாலயத்துக்குப் போனாரா, பூசைக்குப் போனாரா என்று அவருடைய பக்தியை அளந்து பார்த்தார்கள். கிறித்தவராகிவிட்டால் ஒரு தலித் பட்டியல் சாதி அல்ல என்ற 1950ஆம் ஆண்டு ஆணையை எதிர்க்கும் வழக்குகள் அதே நீதிமன்றத்தில் 2004 முதல் கிடக்கின்றன.