தீவைப்பும் பதிவேடும்: அமெரிக்க அனுபவம், 1973–1999

1973 மே மாதம் அமெரிக்கத் தேசியத் தீத்தடுப்பு ஆணையம் ‘எரியும் அமெரிக்கா’ என்ற அறிக்கையை வெளியிட்டது. ஆண்டுக்கு ஏறத்தாழ 12,000 பேர் தீயில் இறப்பதாக அது மதிப்பிட்டது. எண்ணிச் சொல்ல வழியில்லாததால்தான் மதிப்பிட நேர்ந்தது. எங்கே, எதனால் தீப்பற்றியது என்பதை நாடு முழுதும் ஒரே முறையில் எழுதிவைக்கும் ஏற்பாடு அப்போது இல்லை. 1974ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே தேசியத் தீத்தரவு மையம் அமைந்தது. தீ நிகழ்வுகளைப் பதியும் தேசிய முறையும் அதனைத் தொடர்ந்து வந்தது.

ஆனால் இத்தகைய தரவு தீவைப்பைத் தடுக்கவும் உதவும் என்பதை மிகத் தெளிவாகக் காட்டியவர்கள் அரசு அலுவலர்கள் அல்லர், வாடகைக்குக் குடியிருந்தவர்கள். பாஸ்டன் நகரில் ஃபென்வே பகுதியின் சிம்பொனி சாலையில் 1970களின் நடுவில் அடுக்குமாடி வீடுகள் ஒன்றன்பின் ஒன்றாக எரிந்தன. 1976இல் ஒரு தீயில் குழந்தை ஒன்று இறந்தபின் குடியிருப்போர் ஒரு குழுவாகத் திரண்டனர். எரிந்த கட்டடங்களின் பத்திரப் பதிவுகளையும் வரி ஆவணங்களையும் தேடி எடுத்து, தீப்பற்றிய நாள்களோடு ஒப்பிட்டார்கள். சொத்துவரி நிலுவை, இரண்டாம் அடமானம், குறுகிய காலத்தில் கைமாறிய உரிமை, திடீரென உயர்த்தப்பட்ட காப்பீட்டுத் தொகை ஆகியவை திரும்பத் திரும்பத் தென்பட்டன. அடுத்து எரியக்கூடிய கட்டடங்கள் எவை என்றே அவர்களால் சுட்டிக்காட்ட முடிந்தது. மாநிலத் தலைமை வழக்கறிஞர் பிரான்சிஸ் பெலோட்டியின் அலுவலகத்துக்கு இச்சான்றுகள் சென்றன. 1977 அக்டோபரில் தீவைப்பு வழக்கில் கைதான 33 பேரில் வீட்டுரிமையாளர்களும் வழக்கறிஞர்களும் இருந்தனர். காவல், தீயணைப்புத் துறைகளைச் சேர்ந்தவர்களும் இருந்தனர்.

இத்தீவைப்புகளுக்குப் பின்னால் ஒரு பொருளாதாரம் இருந்தது. 1960களின் கலவரங்களுக்குப் பிறகு நகரின் உட்பகுதிகளுக்குக் காப்பீடு தர நிறுவனங்கள் தயங்கின. 1968இல் கூட்டரசு ஆதரவோடு வந்த காப்பீட்டுத் திட்டம் அந்தக் குறையை நீக்கியது. ஆனால் கட்டடத்தின் உண்மை மதிப்பைச் சரிபார்ப்பதில் தளர்வு இருந்தது. தமக்குள்ளேயே விற்று வாங்கி விலையை ஏற்றியவர்களுக்கு, எரிந்த வீடு நிற்கும் வீட்டைவிட அதிகப் பணம் தந்தது. தீயணைப்புப் பதிவை மட்டும் வைத்துக்கொண்டு இதைக் கண்டுபிடித்திருக்க முடியாது. எதை அளக்கிறோம் என்பதும் முக்கியம்: அதே காலத்தில் நியூயார்க் நகரம் தீயணைப்பு வண்டி சென்றடையும் நேரத்தை முதன்மை அளவுகோலாக்கிய கணித மாதிரிகளை நம்பி, தீ மிகுந்த ஏழைப் பகுதிகளிலேயே சில அணிகளைக் கலைத்தது. அளந்தது தவறு என்பதைவிட, அளக்காமல் விட்டதே அங்கு மக்களைச் சுட்டது என்பேன்.

1978இல் நாடாளுமன்றத்தின் ஆணைப்படி, எஃப்.பி.ஐ.யின் குற்றப் புள்ளிவிவரத்தில் தீவைப்பு எட்டாவது முதன்மைக் குற்றமாகச் சேர்ந்தது; 1982ஆம் ஆண்டுச் சட்டம் அதை நிலைப்படுத்தியது. வேண்டுமென்றே வைத்தது எனப் புலனாய்வில் உறுதியான தீ மட்டுமே இக்கணக்கில் வரும், சந்தேகத்துக்குரியது வராது. எனவே புலனாய்வாளரே இல்லாத ஊர் தீவைப்பற்ற ஊராகத் தோன்றும் அபாயம் உண்டு.

உறுதியானவையும் எந்த அளவுக்கு உறுதி? 1991இல் ஃபுளோரிடாவின் ஜாக்சன்வில்லில் ஒரு வழக்குக்காக, எரிந்த வீட்டைப் போன்ற பக்கத்து வீட்டைக் கொளுத்திச் சோதித்தார்கள். எரிபொருள் ஊற்றாமலேயே சில நிமிடங்களில் அறை முழுதும் தீப்பற்றியது. எரிபொருள் ஊற்றியதற்கு அடையாளம் என நம்பப்பட்ட தரைக்கருகல்கள் தாமாகவே உண்டாயின. வழக்கு கைவிடப்பட்டது. 1992இல் வெளியான தீப் புலனாய்வு வழிகாட்டி அறிவியல் முறையை வலியுறுத்தியது. அதற்கு முந்தைய ‘தீவைப்பு’ எண்ணிக்கைகளில் விபத்துகளும் கலந்திருக்கும் என்று கொண்டே அவற்றைப் படிக்க வேண்டும்.

1999இல் தேசியப் பதிவுமுறையின் ஐந்தாம் பதிப்பு ‘சந்தேகத்துக்குரியது’ என்ற வகையையே நீக்கியது. தீவைப்புக்கெனத் தனிப் படிவமும் வந்தது. உரிமையாளரின் பண நெருக்கடி, காப்பீட்டில் மாற்றம், விற்பனைக்கு வைத்த கட்டடம், விதிமீறல், நிலுவை வழக்கு ஆகியவற்றுக்கு அதில் கட்டங்கள் இருந்தன. பாஸ்டன் குடியிருப்போர் கேட்ட கேள்விகளில் பல இவ்வாறு அரசுப் படிவத்தில் ஏறிவிட்டன. ஆனால் அப்படிவத்தை நிரப்புவது கட்டாயமாக இருக்கவில்லை. நிரப்பினாலும் கட்டடம் எரிந்த பிறகே நிரப்பப்பட்டது.