63 ஃப்ளோரின் சொத்து

1828ஆம் ஆண்டு நவம்பர் 19ஆம் தேதி வியன்னா நகரில் ஃபிரான்ஸ் ஷூபர்ட் காலமானார். வயது 31. வழக்கப்படி அரசாங்கத்தில் அவருடைய உடைமைகளுக்குப் பட்டியல் எடுத்தார்கள். கோட்டுகள் சில, கால்சட்டை பத்து, உள்கோட்டு ஒன்பது, தொப்பி ஒன்று, காலணி ஐந்து ஜோடி, மெத்தை, போர்வை. இவற்றோடு பழைய இசைத்தாள்கள் கொஞ்சம், அதன் மதிப்பு 10 ஃப்ளோரின். எல்லாம் சேர்த்து 63 ஃப்ளோரின்.

ஆயுளில் பெரும்பகுதியை அரசு அலுவலகத்தில் குமாஸ்தாவாகக் கழித்தவன் நான். அந்தப் பட்டியலை எழுதிய அலுவலர் மேல் எனக்குக் கோபம் இல்லை. கண்ணுக்குத் தெரிந்ததற்கு விலை போடுவதுதான் அவர் வேலை. ஆனால் அந்த மனிதர் 600 பாடல்களுக்கு மேல் எழுதியவர். அவர் எழுதிய சிம்பொனிகளில் ஒன்றுகூட அவர் உயிரோடு இருந்தவரை அச்சேறவில்லை. அவருடைய இசைக்கென்றே பொதுமக்கள் முன்னால் நடந்த கச்சேரி ஒரே ஒன்று, அதுவும் இறந்த அதே வருடம் மார்ச் மாதத்தில். அப்படியிருக்க, இன்று நாம் அவரைக் கேட்கிறோமே, அது எப்படி? ஒருவர் தனக்குப் பிடித்த பாட்டை இன்னொருவரிடம் கொண்டுபோய்ச் சேர்த்ததால்தான். வேறு காரணம் எதுவும் எனக்குத் தெரியவில்லை.

அந்தக் காலத்தில் இசைத்தட்டு கிடையாது, வானொலி கிடையாது. ஒரு பாட்டை நண்பருக்குக் கேட்கக் கொடுக்க வேண்டுமானால், தாளில் கையால் நகல் எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் பியானோ இருக்கிற வீட்டுக்கு அவரை அழைத்துப் போய் வாசித்துப் பாடிக் காட்ட வேண்டும். ஷூபர்ட்டின் நண்பர்கள் இரண்டையும் செய்தார்கள்.

அவர்களில் முதல்வர் யோசெஃப் ஃபொன் ஷ்பவுன். ஷூபர்ட்டைவிட எட்டு வயது மூத்தவர். பள்ளி விடுதியில் பையனிடம் இசை எழுதத் தாள் வாங்கக் காசில்லை என்று தெரிந்து, தாள் வாங்கிக் கொடுத்தவர். பிற்பாடு இவர் அரசாங்க லாட்டரி இலாகாவில் அதிகாரியானார். நம்ம ஜாதி, அதாவது அலுவலக ஜாதி!

1816இல் ஷ்பவுன் ஒரு காரியம் செய்தார். கேத்தேயின் கவிதைகளுக்கு ஷூபர்ட் இசையமைத்த பாடல்களை அழகாகப் பிரதி எடுக்கச் செய்து, பணிவான கடிதத்துடன் கேத்தேவுக்கே அனுப்பினார். கட்டு திரும்பி வந்தது. பதில் இல்லை. மேலிடத்துக்குப் போன கோப்பு ஒரு வரிக் குறிப்புகூட இல்லாமல் திரும்பி வருவது எப்படி இருக்கும் என்று அலுவலகத்தில் இருந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

அந்தக் கேத்தே கவிதைகளில் ஒன்று 'எர்ல்கோனிக்'. பிரெஞ்சு வழியில் படித்த என் போன்றவர்களுக்கு அது 'லெ ருவா தேஸோன்'. காய்ச்சலில் கிடக்கும் மகனை அணைத்துக்கொண்டு இரவில் குதிரையில் விரையும் தகப்பனின் கதை. ஷூபர்ட் அதற்கு இசையமைத்தபோது வயது 18. பியானோவில் வலக்கை ஓயாமல் குதிரைக் குளம்பு போல அடித்துக்கொண்டே இருக்கும். இந்தப் பாட்டு லைப்சிக் நகரத்துப் பதிப்பாளர் ஒருவருக்குப் போனது. அவர்களுக்கு இந்த ஷூபர்ட்டைத் தெரியாது. டிரெஸ்டன் நகரில் அதே பெயரில் வேறொரு இசைஞர் இருந்தார், அவருக்கு அனுப்பிவிட்டார்கள். அவருக்கு வந்ததே கோபம்! இந்தக் கண்றாவியை நான் எழுதவில்லை, என் பெயரைக் கெடுக்க யார் இப்படிச் செய்தது என்று கண்டுபிடிக்கிறேன் என்ற தோரணையில் பதில் எழுதினார்.

கடைசியில் நண்பர்களே கைக்காசு போட்டு 1821இல் அதை அச்சிட்டார்கள். ஷூபர்ட்டின் முதல் எண்ணிட்ட வெளியீடு அதுதான். ஃபோகல் என்ற புகழ்பெற்ற பாடகர் அதே வருடம் மேடையில் பாடினார். நண்பர்கள் வீடுகளில் மாலை நேரத்தில் கூடி ஷூபர்ட் வாசிக்க ஃபோகல் பாடுவதும், அப்புறம் சாப்பாடும் நடனமும் வழக்கமாயின. அந்தக் கூட்டங்களுக்கு அவர் பெயரையே வைத்து 'ஷூபர்ட்டியாட்' என்றார்கள். ஷ்பவுன் வீட்டில் கூடிய அப்படி ஒரு மாலையை, நண்பர் ஷ்விண்ட் 40 வருடம் கழித்து நினைவிலிருந்து படமாக வரைந்தார். பியானோ முன்னால் கண்ணாடி போட்ட குள்ளமான மனிதர். சுற்றிலும் நண்பர் கூட்டம்.

ஆனால் வீட்டுக்குள் பாடுகிற பாட்டு வீட்டோடு நின்றுவிடலாம். அது ஊர் தாண்டிப் போனதற்குப் பியானோவே வாகனமாயிற்று. ஃபிரான்ஸ் லிஸ்ட் ஷூபர்ட்டின் பாடல்களில் 50க்கு மேற்பட்டவற்றைப் பாடகர் இல்லாமல் பியானோவில் மட்டும் வாசிக்கும்படி மாற்றி எழுதினார். நாகஸ்வரத்தில் கீர்த்தனை கேட்கிறோமே, வார்த்தை இல்லாமலே பாட்டு தெரிகிறதல்லவா, அதுபோல. லிஸ்ட் போன ஊருக்கெல்லாம் ஷூபர்ட்டும் போனார்.

பாரிஸில் இந்த வேலையைச் செய்தவர் அடோல்ஃப் நூரி. பாரிஸ் ஓபராவின் முதல் வரிசைப் பாடகர். ஷூபர்ட்டின் பாடல்களைப் பிரெஞ்சில் பாடி அங்கே பரப்பினார். எனக்கு ஜெர்மன் தெரியாது. ஷூபர்ட் எனக்குக் கிடைத்தது பிரெஞ்சு வழியாகத்தான். ஆகவே நூரியின் பெயரைப் படிக்கும்போதெல்லாம் கடன்பட்டவன் போல உணர்கிறேன்.

நூரியின் முடிவு துயரமானது. ஓபராவுக்குப் புதிய பாடகர் வந்தபோது இவர் விலகினார். இத்தாலி போனார். மனம் தளர்ந்து, 1839 மார்ச் 8ஆம் தேதி நேப்பிள்ஸில் மாடியிலிருந்து குதித்து இறந்தார். உடலைப் பாரிஸுக்குக் கொண்டுபோகும் வழியில், மர்செய் நகரத்தின் நோத்ர்-தாம்-துய்-மோன் தேவாலயத்தில் ஏப்ரல் 24ஆம் தேதி பூசை நடந்தது. அப்போது உடல்நலம் தேறுவதற்காக அந்த ஊரில் தங்கியிருந்த ஷொப்பேன், நண்பருக்காகத் தேவாலயத்து ஆர்கனில் உட்கார்ந்தார். வாசித்தது தன் சொந்த இசையை அல்ல. ஷூபர்ட்டின் 'நட்சத்திரங்கள்' என்ற பாட்டை. நூரி அதை விரும்பிப் பாடியவர்.

நம் புதுவைக்காரர்களுக்கு மர்செய் தெரிந்த பெயர். கப்பல் ஏறிப் பிரான்சுக்குப் போனவர்கள் இறங்கிய துறைமுகம் அது. அந்த ஊரில், 63 ஃப்ளோரின் விட்டுப் போனவரின் பாட்டு, அவர் இறந்த பதினோராம் வருடத்தில், ஒரு போலந்துக்காரர் கையில், ஒரு பிரெஞ்சுக்காரருக்காக ஒலித்தது.

அதே 1839இல் இன்னொன்றும் நடந்தது. வருடத் தொடக்கத்தில் வியன்னா வந்திருந்த ராபர்ட் ஷூமன், ஷூபர்ட்டின் அண்ணன் ஃபெர்டினாண்டைப் பார்க்கப் போனார். அண்ணன் தம்பியின் கைப்பிரதிகளை எடுத்துக் காட்டினார். அதில் பெரிய சி மேஜர் சிம்பொனி இருந்தது. முழுதாக வாசித்தால் ஏறக்குறைய ஒரு மணி நேரம். ஷூமன் ஏற்பாட்டில் அது லைப்சிக் போனது. மார்ச் 21ஆம் தேதி மெண்டல்சோன் அதை நடத்தினார். ஷூமனும் மெண்டல்சோனும் தாங்களே பெரிய இசைஞர்கள். தன் சரக்கை விட்டுவிட்டு அடுத்தவர் சரக்கைச் சுமந்தார்கள்.

எல்லா நண்பர்களும் அப்படி இல்லை. 'முடிவுறாத சிம்பொனி' என்று உலகமே அறிந்த படைப்பை ஷூபர்ட் 1822இல் எழுதினார். கைப்பிரதி கிராட்ஸ் நகரில் இருந்த நண்பர் ஆன்செல்ம் ஹூட்டன்பிரென்னரிடம் போய்ச் சேர்ந்தது. அவர் அதைப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டார். அருமை தெரியாதவர் என்று சொல்ல முடியாது. ஒரே பியானோவில் இரண்டு பேர் உட்கார்ந்து நான்கு கையால் வாசிக்கும்படி அவரே அதை மாற்றி எழுதியிருக்கிறார். தான் ரசித்தார், வெளியே விடவில்லை. 1865இல் ஹெர்பெக் என்ற நடத்துனர் கிராட்ஸுக்கே நேரில் போய், உங்களுடைய இசையையும் மேடையேற்றுகிறேன் என்று சொல்லி, நயமாகப் பேசி வாங்கி வந்தார். டிசம்பர் 17ஆம் தேதி வியன்னாவில் முதல் தடவையாக வாசித்தார்கள். எழுதி 43 வருடம் ஆகியிருந்தது.

இதைப் படித்தபோது எனக்கு எங்கள் தெருவில் இருந்த ஒரு பெரியவர் ஞாபகம் வந்தார். அலமாரி நிறைய இசைத்தட்டுகள். ஒன்றையும் யாருக்கும் இரவல் தரமாட்டார். வீட்டுக்குக் கூப்பிட்டுப் போட்டுக் காட்டவும் மாட்டார். கீறல் விழுந்துவிடுமாம். அவர் காலமான பிறகு பிள்ளைகள் பழைய பேப்பரோடு சேர்த்து எடைக்குப் போட்டுவிட்டார்கள். வியன்னாவில் 10 ஃப்ளோரினாவது மதிப்புப் போட்டார்கள்.

ஓய்வு பெற்ற பிறகு நாங்கள் நாலு பேர் வாரம் ஒரு மாலை கூடுகிறோம். ஆளுக்கு ஒரு பாட்டு என்பது சட்டம். ஒருவர் சிந்துபைரவி கொண்டு வருவார், ஒருவர் பழைய சினிமாப் பாட்டு. நான் பெரும்பாலும் பியானோ. போன வாரம் அந்தச் சிந்துபைரவிக்காரர், லிஸ்ட் மாற்றி எழுதிய ஷூபர்ட் பாட்டு ஒன்றைக் கேட்டு முடித்துவிட்டு, "இன்னொரு தடவை போடுங்க சார்" என்றார். ஷூபர்ட் அவருக்கும் போய்ச் சேர்ந்துவிட்டார்.

வாசக நண்பர்களே, உங்கள் அலமாரியிலும் பாட்டுப் புத்தகமோ, ஒலிநாடாவோ, அம்மா பாடிய தாலாட்டை எழுதி வைத்த நோட்டோ கட்டாயம் இருக்கும். யாருக்காவது கேட்கக் கொடுங்கள். பட்டியல் எடுக்கிறவர் வருகிற வரைக்கும் வைத்திருக்க வேண்டாம்.